வீட்டு மின்சாரத் தணிக்கை: கூலி கொடுத்துச் செய்விப்பது லாபமா?

விருத்தாசலம் வட்டாரத்துக் குடியானவர்களும் கிராம அலுவலர்களும் நம்மிடம் அடிக்கடி கேட்டு வரும் வினாக்களில் ஒன்று, "வீட்டு மின்சாரச் செலவைச் சோதித்துக் குறைகளை எழுதித் தர ஒருவரை அமர்த்தலாமா? அவருக்குக் கொடுக்கும் கூலி திரும்பி வருமா?" என்பதாகும். விதை, எரு, பூச்சி முதலியவற்றைப் பற்றி எழுதும் இப்பத்திரிகையில் இவ்விஷயம் எதற்கு என்று சிலர் எண்ணக் கூடும். குடியானவருக்கு வீட்டுச் செலவுக்கு ஒரு பை, சாகுபடிச் செலவுக்கு வேறொரு பை என்று இரண்டு பைகள் கிடையா. மணிலாவும் முந்திரியும் விற்று வந்த பணத்திலிருந்தே இரண்டு மாதத்திற்கு ஒரு முறை மின் கட்டணமும் போகிறது. ஆதலால் இவ்வினாவுக்குக் கணக்கோடு விடை கூறுவது அவசியமாகிறது.

நமது ஊர் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்றது. சூளை வைக்கும் தொழிலாளி ஒருவர், இத்தனை சாமான் வேக இத்தனை எரிபொருள் வேண்டும் என்று அறியாமல் சூளைக்குத் தீ மூட்டுவதில்லை. கூடுதலாகச் செலவானால் எங்கே வெப்பம் கசிந்தது என்று உடனே தேடுகிறார். வீட்டுக்காரரோ தம் வீட்டில் எந்தச் சாமான் எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்பதை அறியாமலே பல ஆண்டுகள் கட்டணம் செலுத்தி விடுகிறார். இவ்வறியாமையை நீக்குவதே தணிக்கையின் நோக்கம். அந்த அறிவைத் தாமே தேடிக் கொள்வதா, விலைக்கு வாங்குவதா என்பதே இங்குக் கேள்வி.

தணிக்கை என்பது யாது?

இந்தியாவில் மின்சாரம் முதலிய ஆற்றல்களைச் சிக்கனப்படுத்தும் சட்டம் 2001ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. அதன்படி 2002 மார்ச்சு 1ஆம் தேதி முதல் ஆற்றல் திறன் செயலகம் என்னும் மத்திய நிறுவனம் ஏற்பட்டது. குளிர்ப்பெட்டி, மின்விசிறி, பம்பு முதலியவற்றின் மேல் ஒட்டப்பட்டு வரும் நட்சத்திரச் சீட்டு இந்நிறுவனத்தின் ஏற்பாடே. தணிக்கை செய்வோருக்குத் தேர்வு நடத்திச் சான்று அளிப்பதும் அதன் பணிகளில் ஒன்று. பெரும் ஆலைகள் தணிக்கை செய்து கொள்ள வேண்டுமென்று சட்டம் விதிக்கிறது. வீடுகளுக்கு அவ்விதக் கட்டாயம் இல்லை.

வீட்டுக்கு வரும் தணிக்கைக்காரர் செய்யும் வேலை இருவகைப்படும். முதலாவது, விளக்கு, விசிறி, குளிர்ப்பெட்டி, மோட்டார் முதலியவற்றை ஒரு ஜாபிதாவாக எழுதி, ஒவ்வொன்றும் எத்தனை வாட், நாளொன்றுக்கு எத்தனை மணி ஓடுகிறது என்று கணக்கிடுவது. இரண்டாவது, கருவிகளைக் கொண்டு வெப்பம் நுழையும் இடம், கம்பியில் கசியும் மின்சாரம், மோட்டாரின் திறன் முதலியவற்றை அளப்பது. முதல் வகை வேலையை எழுதப் படிக்கத் தெரிந்த எவரும், பள்ளிக்குச் செல்லும் பிள்ளையின் உதவியைக் கொண்டேனும், தம் வீட்டிலேயே செய்து கொள்ளலாம். இரண்டாவது வகைக்கே கூலி கொடுப்பது தகும்.

மீட்டரே முதல் தணிக்கைக்காரர்

ஆயிரம் வாட் சாமான் ஒன்று ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் செலவாகும். இப்போது வீடுகளில் உள்ள மின்னணு மீட்டரில் ஒரு சிறு சிவப்பு விளக்கு சிமிட்டிக் கொண்டிருப்பதைக் காணலாம். ஒரு யூனிட்டுக்கு அது எத்தனை முறை சிமிட்டும் என்பது மீட்டரின் முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கும். சிலவற்றில் 3200 என்றும், சிலவற்றில் 1600 என்றும், இன்னும் வேறு எண்களும் காணப்படும்.

3200 என்று அச்சிட்ட மீட்டரில், 10 சிமிட்டல்களுக்கு எத்தனை வினாடி ஆகிறதென்று கைக்கடிகாரத்தில் பார்த்து, 11,250ஐ அவ்வினாடிகளால் வகுத்தால், அச்சமயம் வீட்டில் ஓடும் சாமான்களின் வாட் கணக்கு கிடைக்கும். 1600 என்று இருந்தால் 22,500ஐ வகுக்க வேண்டும். உதாரணமாக, மற்றெல்லாவற்றையும் நிறுத்தி ஒரே ஒரு விசிறியை மட்டும் முழு வேகத்தில் ஓடவிட்டு, 3200 மீட்டரில் 10 சிமிட்டல்களுக்கு 150 வினாடி ஆயிற்று என்று வைத்துக் கொள்வோம். 11,250ஐ 150ஆல் வகுக்க 75 வருகிறது. அவ்விசிறி 75 வாட் தின்கிறது என்பது பொருள். இதற்குக் கருவியும் வேண்டாம், கூலியும் வேண்டாம்.

இம்முறையில் மூன்று சோதனைகள் செய்க.

முதற் சோதனை: இரவில் எல்லாச் சுவிட்சுகளையும் நிறுத்தி, குளிர்ப்பெட்டி, இன்வெர்ட்டர், தொலைக்காட்சி ஆகியவற்றின் செருகிகளையும் கழற்றி, மெயினை மட்டும் போட்டு வைத்துச் சிவப்பு விளக்கைக் கவனிக்க வேண்டும். விளக்கு சிமிட்டாதிருப்பதே முறை. 30 வினாடிக்கு ஒரு முறை சிமிட்டினால், 3200 மீட்டரில் அது 37 வாட்டுக்குச் சற்று மேலாகும். இரண்டு மாதத்தில் 54 யூனிட் யாருக்கும் பயன்படாமல் போகிறது. மறந்துபோன சாமான் எதுவும் இல்லையெனில், கம்பியில் கசிவு இருக்கக் கூடும். அது காசு நஷ்டத்தோடு நிற்பதன்று, உயிருக்கும் ஆபத்தானது. உடனே உரிமம் பெற்ற மின்பணியாளரை அழைத்துச் சீர்செய்ய வேண்டும். இவ்விடத்தில் கூலி கொடுக்கத் தயங்கலாகாது.

இரண்டாம் சோதனை: சாமான்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டு மேற்கூறியபடி வாட்டை அளந்து, ஓடும் மணி நேரத்தோடு பெருக்கி ஜாபிதா தயாரித்தல்.

மூன்றாம் சோதனை: ஒரு வாரம் நாள்தோறும் ஒரே நேரத்தில் மீட்டர் எண்ணைக் குறித்து வைத்தல். ஜாபிதாவின் கூட்டுத்தொகையும் மீட்டரின் செலவும் ஏறக்குறைய ஒத்திருந்தால், வீட்டின் கணக்கு தங்கள் கைக்கு வந்து விட்டது எனலாம். பெரிய வித்தியாசம் கண்டு, அதற்குக் காரணமும் புலப்படாவிடில், அப்போதுதான் தணிக்கைக்காரருக்கு வேலை உண்டாகிறது.

கட்டணம் படிக்கட்டுப் போன்றது

ஒரு யூனிட்டை மிச்சப்படுத்தினால் எவ்வளவு காசு மிஞ்சும் என்பது எல்லா வீட்டுக்கும் ஒன்றன்று. தமிழ்நாட்டில் 2016 மே மாதத்தில், வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை என்று அரசு ஏற்பாடு செய்தது. பின்னர் 2022 செப்டம்பர் 10ஆம் தேதி அமலுக்கு வந்த வீதங்களை உதாரணமாக எடுத்துக் கொள்வோம். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டுக்கு மேற்படாத வீட்டாருக்கு முதல் 100 யூனிட் இலவசம். அடுத்த 100க்கு யூனிட் ஒன்று ரூ. 2.25, 201 முதல் 400 வரை ரூ. 4.50, 401 முதல் 500 வரை ரூ. 6. செலவு 500ஐத் தாண்டினால் இரண்டாவது 100க்கு உரிய ரூ. 2.25 சலுகை போய், 101 முதல் 400 வரை முழுவதற்கும் ரூ. 4.50 ஆகிவிடும். 501 முதல் 600 வரை ரூ. 8, 601 முதல் 800 வரை ரூ. 9 என்று ஏறிச் செல்லும்.

இதன் விளைவைப் பாருங்கள். 500 யூனிட் செலவழித்தவர் செலுத்த வேண்டியது ரூ. 1,725. 501 யூனிட் செலவழித்தவர் செலுத்த வேண்டியது ரூ. 1,958. அந்த ஒற்றை யூனிட்டின் விலை ரூ. 233 ஆயிற்று. வரம்பின் அருகில் நிற்கும் வீட்டுக்குச் சிறு சிக்கனமும் பெரும் பயன் தரும் என்பது இதனால் விளங்கும். பின்னர் வீதங்கள் ஏறியுள்ளமையால், தங்கள் கையில் உள்ள கட்டணச் சீட்டின் வீதத்தை வைத்தே ஒவ்வொருவரும் கணக்கிட வேண்டும். கணக்கிடும் முறை ஒன்றே.

இனி, 75 வாட் பழைய விசிறிக்குப் பதிலாக 30 வாட் தின்னும் பி.எல்.டி.சி. விசிறி ஒன்று வாங்குவதாகவும், அதன் விலை ரூ. 3,000 என்றும் வைத்துக் கொள்வோம். நாளொன்றுக்கு 16 மணி நேரம் ஓடினால், 60 நாளில் பழைய விசிறி 72 யூனிட்டும், புதியது 29 யூனிட்டும் கொள்ளும். மிச்சம் 43 யூனிட்.

100 யூனிட்டுக்குள் அடங்கும் ஏழை வீட்டில் இந்த மிச்சத்தின் மதிப்பு பூஜ்யம். 180 யூனிட் செலவழிக்கும் வீட்டில் ரூ. 97. 350 யூனிட் வீட்டில் ரூ. 194, விசிறியின் விலை திரும்ப இரண்டரை ஆண்டுக்கு மேல் ஆகும். 540 யூனிட் வீட்டிலோ கட்டணம் ரூ. 2,270லிருந்து, 497 யூனிட்டுக்குரிய ரூ. 1,707க்கு இறங்கும். அதாவது ஒரு தவணையில் மிச்சம் ரூ. 563, ஓராண்டிற்குள் விலை திரும்பி விடும். விசிறியும் ஒன்றே, மிச்சமாகும் யூனிட்டும் ஒன்றே. வீடு மட்டுமே வேறு. ஆதலால் அடுத்த வீட்டார் வாங்கினார் என்பதற்காகத் தாமும் வாங்குவதும், அவர் தணிக்கை செய்வித்தார் என்பதற்காகத் தாமும் செய்விப்பதும் அறிவுடைமையாகா.

கூலிக்கு வரம்பு

தணிக்கைக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதற்கு எளிய விதி ஒன்று கூறுவோம். மேற்கூறிய சோதனைகளைத் தாமே செய்து, கண்ட குறைகளைத் திருத்திய பிறகு, எஞ்சிய ஆண்டுக் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தணிக்கைக் கூலி போகலாகாது. ஏனெனில், நாமே தேடி முடித்த வீட்டில் தணிக்கைக்காரர் மேலும் பத்தில் ஒரு பங்கு மிச்சம் காட்டினாலே அவர் திறமைசாலி. அவ்வாறு காட்டினால் கூலி ஓராண்டில் திரும்பும். காட்டாவிடில் நஷ்டம் தாங்கக் கூடிய அளவில் நிற்கும்.

2022ஆம் ஆண்டு வீதப்படி, தவணைக்கு 180 யூனிட் வீட்டுக்கு ஆண்டுக் கட்டணம் ரூ. 1,080, பத்தில் ஒன்று ரூ. 108. அந்தத் தொகைக்கு எந்தத் தணிக்கைக்காரரும் ஊருக்கு வந்து போக மாட்டார். 480 யூனிட் வீட்டுக்கு ஆண்டுக் கட்டணம் ரூ. 9,630, பத்தில் ஒன்று ரூ. 963. இங்கும் கூலி கொடுப்பது பெரும்பாலும் பொருந்தாது. 800 யூனிட் செலவாகும் பெரிய வீட்டுக்கு ஆண்டுக் கட்டணம் ரூ. 27,300, பத்தில் ஒன்று ரூ. 2,730. குளிர்சாதனம் இரண்டு மூன்று வைத்து, மாடியும் கட்டி, கட்டணம் ஏன் ஏறுகிறதென்று தெரியாமல் இருக்கும் இவ்வகை வீட்டுக்கே தணிக்கை பரிசீலனைக்குரியது. கிராமத்தில் உள்ள சாதாரண வீடுகளுக்கு அது வேண்டுவதில்லை என்பதே நமது முடிவு.

தணிக்கையின்றியே செய்யத் தக்கவை

குண்டு பல்பு இன்னும் எங்கேனும் எரிந்தால் முதலில் அதை மாற்றுக. 60 வாட் பல்பின் வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. விளக்கு தந்து விடும். குளிர்ப்பெட்டிக் கதவில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பார்க்க வேண்டும். காகிதம் தடையின்றி வழுக்கி வந்தால் ரப்பர் பட்டை தளர்ந்து விட்டது என்பதற்கு அது அடையாளம். குளிர்சாதனத்தை 24 பாகை வெப்பத்திற்குக் கீழே இறக்காமல் வைத்து, விசிறியையும் மெதுவாக ஓடவிட்டால் போதும். ஒரு பாகை உயர்த்தி வைத்தால் அதன் மின்செலவில் நூற்றுக்குச் சுமார் 6 பங்கு குறையும் என்று ஆற்றல் திறன் செயலகம் கூறுகிறது. 2,000 வாட் நீர் சூடாக்கி நாளைக்கு அரை மணி ஓடினாலே இரண்டு மாதத்தில் 60 யூனிட் ஆகும்.

மாடித் தொட்டிக்கு நீரேற்றும் ஒரு குதிரைச் சக்தி மோட்டார் மணிக்கு ஏறக்குறைய ஒரு யூனிட் கொள்ளும். தொட்டி நிரம்பி வழிய விட்டு நாளைக்கு அரை மணி வீணாக ஓட்டினால் இரண்டு மாதத்தில் 30 யூனிட்டும், அதோடு நிலத்தடி நீரும் வீணாகின்றன. கத்திரி வெயிலில் நமது தளம் போட்ட வீடுகள் இரவெல்லாம் கொதிப்பது எல்லோரும் அறிந்தது. மாடித் தளத்தில் கோடை தொடங்கு முன் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்து வைத்தால் வெயிலின் பெரும் பகுதி திருப்பி அனுப்பப்படும். மேற்குப் புறத்தில் வேம்போ புங்கோ வைத்தால் சில ஆண்டுகளில் அதுவே சுவருக்கு நிழலாகும்.

இறவைப் பம்பு செட்டு

நிலச்சுவான்தார்கள் அடுத்துக் கேட்பது கிணற்று மோட்டாரைப் பற்றி. தமிழ்நாட்டில் சிறு விவசாயிகளுக்கு 1984இலும், எல்லா விவசாயிகளுக்கும் 1990இலும் இறவை மின்சாரம் இலவசமாக்கப்பட்டது. கட்டணமே இல்லாதபோது, மின்சாரச் சிக்கனத்தைக் காட்டும் தணிக்கைக்கு விவசாயி கூலி கொடுத்தால் அவர் கைக்கு ஒரு காசும் திரும்பாது. மிச்சமாவது அரசின் பணமே. ஆதலால் அச்செலவை அரசு ஏற்பதே முறை. மகாராஷ்டிர மாநிலம் சோலாப்பூர் மாவட்டத்தில் மங்கள்வேடா பகுதியில் பழைய பம்புகளை எடுத்துவிட்டு நட்சத்திரச் சீட்டு பெற்ற பம்புகளை வைத்த முன்னோடித் திட்டம் இக்கருத்தின்படி ஏற்பட்டதே. நம் மாநிலத்திலும் புதிய பம்பு செட்டுக்கு மானியம் உண்டா என்பதை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரித்துக் கொண்ட பின்னரே மோட்டார் வாங்க வேண்டும்.

ஆனால் விவசாயிக்கு வேறொரு நஷ்டம் உண்டு. மும்முனை மின்சாரம் நாளில் சில மணி நேரமே வருகிறது. அந்நேரத்தில் கிடைக்கும் தண்ணீரே அவருடைய வரவு. ஆகவே பம்பு செட்டில் யூனிட்டை விட்டு விட்டுத் தண்ணீரை அளக்க வேண்டும். இதுவும் கூலியின்றிச் செய்யத் தக்கதே.

200 லிட்டர் பீப்பாய் ஒன்றை டெலிவரிக் குழாயின் வாயில் வைத்து நிரப்புக. 40 வினாடியில் நிரம்பினால் வினாடிக்கு 5 லிட்டர் வருகிறது. மோட்டார் ஓடும்போது உள்ள நீர் மட்டத்திலிருந்து குழாய் வாய் வரையில் உள்ள உயரம், உராய்வும் சேர்த்து, 25 மீட்டர் என்று கொள்வோம். 5ஐ 25ஆல் பெருக்கி 102ஆல் வகுக்க ஏறக்குறைய 1.23 கிலோவாட் வருகிறது. தண்ணீரைத் தூக்கப் பயன்பட்ட சக்தி இவ்வளவே. மின்பணியாளர் டாங் டெஸ்டர் வைத்து அளந்து, 415 வோல்ட்டில் 8 ஆம்பியர் ஓடுகிறது என்றும், சக்திக் காரணி 0.8 என்றும் சொன்னால், மோட்டார் வாங்கும் மின்சாரம் சுமார் 4.6 கிலோவாட். ஆகவே நூற்றுக்கு 27 பங்கே தண்ணீராகிறது; மற்றவை சூடாகவும் உராய்வாகவும் கழிகின்றன.

மணிலாவுக்கு ஏக்கருக்கு 5 சென்டிமீட்டர் உயரம் தண்ணீர் கட்டச் சுமார் 2 லட்சம் லிட்டர் வேண்டும். வினாடிக்கு 5 லிட்டர் வந்தால் இதற்கு 11 மணி நேரம் ஆகும். ஆழத்திற்கு ஏற்ற பம்பை வைத்துத் திறனை நூற்றுக்கு 45 ஆக்கினால், அதே மின்சாரத்தில் வினாடிக்கு 8 லிட்டருக்குச் சற்று மேல் வரும். ஏக்கர் 7 மணிக்குள் பாய்ந்து விடும். பூ இறங்கும் பருவத்தில் ஒரு நாள் முந்திப் பாய்வதும் பிந்திப் பாய்வதும் விளைச்சலில் என்ன செய்யும் என்பதை மணிலாக் குடியானவருக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

நமது பகுதியில் இக்குறை ஏற்பட ஒரு காரணம் உண்டு. நெய்வேலியைச் சூழ்ந்த மணற்பாறை அடுக்குகளில் நீர் அழுத்தத்தோடு இருந்தமையால், ஒரு காலத்தில் பல குழாய்க் கிணறுகளில் தண்ணீர் தானே பொங்கி வழிந்தது. நீர் மட்டம் இறங்க இறங்க, முன்பு குறைந்த ஆழத்திற்கு வாங்கிய பம்பே கூடுதல் ஆழத்திலிருந்து இழுக்கும்படி ஆயிற்று. ஒவ்வொரு பம்பும் ஒரு குறிப்பிட்ட உயரத்திற்கே நன்றாக வேலை செய்யும். அதைத் தாண்டினால் தண்ணீர் குறையும், மோட்டாரும் அடிக்கடி காயில் கட்ட வரும். ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் காயில் கட்ட நேரும் பம்பு செட்டுக்கு, அனுபவமுள்ளவரை வைத்து நீர் மட்டம், ஆம்பியர், வோல்ட் மூன்றையும் அளப்பிப்பதற்குக் கொடுக்கும் கூலி வீண் போகாது.

ஓர் எச்சரிக்கை. கிணற்றில் ஊறும் நீரின் அளவு குறைவாக இருந்தால், வேகமாக இறைக்கும் பம்பு கிணற்றை விரைவில் வற்ற வைக்குமேயன்றி மொத்தத் தண்ணீரைக் கூட்டாது. இறைத்து நிறுத்திய பின் எத்தனை மணியில் பழைய மட்டம் வருகிறதென்று முதலில் பார்க்க வேண்டும். ஊற்றுக் குறைவான இடத்தில் பணத்தைப் பம்பில் போடுவதை விடச் சொட்டுநீர்க் குழாயில் போடுவதே நலம்.

ஊராட்சியும் தொழிற்கூடமும்

ஊராட்சி மன்றத்தாரின் நிலை வேறு. குடிநீர்த் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டாரும் தெரு விளக்குகளும் ஆண்டு முழுவதும் ஓடுகின்றன. கட்டணம் ஊர்ப் பொதுப் பணத்திலிருந்து போகிறது. பத்தில் ஒரு பங்கு என்ற நமது விதியைப் போட்டுப் பார்த்தால், பல ஊராட்சிகளில் தணிக்கைக் கூலி எளிதில் அதற்குள் அடங்கும். மோட்டாருக்குத் தனி மீட்டர் எண்ணும், ஓடிய மணியும், ஏறிய தண்ணீரும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறிக்கப்பட்டால், தணிக்கைக்காரரின் பாதி வேலை முடிந்தது. கூலியையும் குறைத்துப் பேசலாம்.

பீங்கான் கூடம், முந்திரி உடைக்கும் கூடம், எண்ணெய்ச் செக்கு ஆகியவை வைத்திருப்போருக்கும் தணிக்கை ஏற்றதே. சூளையில் போடும் வெப்பத்தில் ஒரு பெரும் பங்கு புகைபோக்கி வழியாகவும் சுவர் வழியாகவும் வெளியேறுகிறது. அதைக் கண்ணால் அறிய இயலாது. கருவி கொண்டே அளக்க வேண்டும். குஜராத்தில் மோர்பி, தான்கட், உத்தரப் பிரதேசத்தில் குர்ஜா ஆகிய பீங்கான் ஊர்கள் சிறு தொழில்களின் ஆற்றல் சிக்கனத் திட்டங்களில் சேர்க்கப்பட்டதன் காரணம் இதுவே. தமிழ்நாட்டில் சிறு தொழிற்கூடங்களின் தணிக்கைச் செலவில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் பீஸ் என்னும் திட்டத்தை அரசு ஏற்படுத்தியது. அதன் இப்போதைய விதிகளை மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டறிந்த பின்னரே தணிக்கைக்காரரோடு ஒப்பந்தம் செய்து கொள்க.

மேனாடுகளின் அனுபவம்

வீட்டுத் தணிக்கை குளிர் நாடுகளில் வளர்ந்த வழக்கம். 1973ஆம் ஆண்டு எண்ணெய்த் தட்டுப்பாட்டுக்குப் பின், அமெரிக்காவில் 1978இல் இயற்றிய சட்டம் ஒன்று, பெரிய மின்சாரக் கம்பெனிகள் வாடிக்கைக்காரர்களின் வீடுகளைத் தணிக்கை செய்து தர ஏற்பாடு செய்தது. அங்கே வீட்டைச் சூடாக்கும் செலவு பெரிது. சுவரிலும் கூரையிலும் வெப்பம் கசியும் இடத்தைக் கருவியின்றிக் காண முடியாது. ஆகவே அங்கே தணிக்கைக்கு மதிப்பு உண்டு. அந்நாட்டுக் கணக்கை அப்படியே நமது ஓட்டு வீட்டுக்குக் கொண்டு வந்து பொருத்துவது தவறு.

பிரிட்டனில் 2013 ஜனவரியில் தொடங்கிய பசுமை ஒப்பந்தத் திட்டம் நமக்கு ஒரு பாடம். பல லட்சம் வீடுகள் தணிக்கை செய்யப்பட்டன. ஆனால் அத்திட்டப்படி கடன் பெற்று வீட்டைச் சீர்திருத்தியவர்கள் சுமார் 14 ஆயிரம் வீட்டாரே. 2015 ஜூலையில் அரசு அதற்குப் பணம் தருவதை நிறுத்தி விட்டது. மண் பரிசோதனைச் சீட்டைப் பெட்டியில் பூட்டி வைத்து விட்டு வழக்கம் போலவே எரு இடுபவருக்குப் பரிசோதனையால் என்ன பயன்? தணிக்கையும் அவ்வாறே. அறிக்கையில் கண்டபடி செய்யக் கையில் பணமும் மனத்தில் உறுதியும் இல்லாதவர் தணிக்கைக்குச் செலவிட வேண்டாம்.

அமர்த்து முன் கேட்க வேண்டியவை

தணிக்கைக்காரரை அமர்த்துவதென்று முடிவு செய்தவர் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். என்ன கருவிகள் கொண்டு வருவீர்? ஒவ்வொரு திருத்தத்திற்கும் எத்தனை யூனிட், எத்தனை ரூபாய், எத்தனை மாதத்தில் திரும்பும் என்று தனித்தனியே எழுதித் தருவீரா? என் கட்டணச் சீட்டின் படிவீதத்தை வைத்துக் கணக்கிடுவீரா? நீர் ஏதேனும் சாமான் விற்பவரா, அல்லது விற்பவரிடம் தரகு பெறுபவரா?

கடைசிக் கேள்வி முக்கியமானது. இலவசமாகத் தணிக்கை செய்து தருகிறோம் என்று வருபவர்களில் சிலர், சூரிய ஒளித் தகடோ வேறு சாமானோ விற்க வருபவர்களாக இருக்கக் கூடும். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு வீட்டுக் கூரைச் சூரிய மின்சாரத்திற்கு மானியத் திட்டம் தொடங்கியது. திட்டம் நல்லதே. ஆனால் வீட்டின் வீண் செலவை முதலில் நிறுத்தி, அதன் பிறகு எஞ்சிய தேவைக்கு ஏற்ற அளவில் தகடு வைப்பதே கிரமம். ஓட்டைத் தொட்டியை அடைக்காமல் பெரிய மோட்டார் வாங்குவது போல் ஆகிவிடலாகாது.

முடிவாகக் கவனிக்க வேண்டியவை

1. முதலில் மூன்று சோதனைகளையும் தாமே செய்து, ஒரு வார மீட்டர்க் கணக்கு எழுதுக.

2. கட்டணச் சீட்டில் தாம் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்த்து, அப்படியின் வீதத்திலேயே மிச்சத்தை மதிப்பிடுக.

3. தாமே திருத்திய பின் எஞ்சும் ஆண்டுக் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தணிக்கைக்குக் கொடுக்க வேண்டாம்.

4. கம்பியில் கசிவு என்று ஐயம் தோன்றினால் லாப நஷ்டம் பாராமல் உடனே மின்பணியாளரை அழைக்க.

5. இறவைப் பம்பில் தண்ணீரையும் ஊற்றையும் அளக்க.

6. ஊராட்சியாரும் தொழிற்கூடத்தாரும் மானியம் விசாரித்துத் தணிக்கை செய்விக்க.

7. செய்து முடிக்க எண்ணமில்லாத அறிக்கைக்குக் காசு செலவிட வேண்டாம்.

நெய்வேலியில் ஒரு யூனிட் மின்சாரம் உண்டாக ஏறக்குறைய ஒரு கிலோ பழுப்பு நிலக்கரி எரிய வேண்டியிருக்கிறது. வீட்டில் மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் வீட்டுக்காரரின் பணத்தோடு நாட்டின் பொருளையும் காக்கிறது. சோதனைகளில் ஐயம் உள்ளவர்கள் மீட்டரின் முகப்பில் உள்ள எண்ணையும், கடைசி ஆறு கட்டணச் சீட்டுகளையும் எடுத்துக் கொண்டு வந்தால், கணக்கிடும் முறையை விவசாய டெப்போவில் எந்த வேலை நாளிலும் விளக்கிக் காட்டுவோம்.